ரூமுக்குப் பார்சல் வரவழைக்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் இனி உன் ஏரியா என்று அக்கா போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். 2019-ல் பிரிக்கிற வரைக்கும் மூன்றும் ஒரே மாவட்டம்தான், அதற்கும் முன்னால் 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்து வட ஆற்காடாக இருந்தது, எங்கள் வயசுக்காரர்கள் வாயில் இன்றைக்கும் வட ஆற்காடு என்றுதான் வரும். கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்ய நான் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிய அதே ஊர்களில் நீயும் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றப் போகிறாய். வெயிலைப் பற்றி எச்சரிக்க வேண்டும், லாட்ஜ் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள். எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. "சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்ல சித்தி, ரூமுக்கே ஆர்டர் பண்ணிடுவேன், ஏதாவது பார்த்துக்கிட்டே சாப்பிட்டுப் படுத்துடுவேன்" என்று சொன்னாயே, அது.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், உன்னை மாதிரி ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் லாட்ஜ் கட்டிலில் சம்மணம் போட்டு பிளாஸ்டிக் டப்பாவில்தான் சாப்பிடுகிறார்கள். ராத்திரிக்கு அப்படிச் சாப்பிடு, நான் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் மட்டுமாவது கீழே இறங்கு. நாலு பேர் உட்காருகிற மேசையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு. பேச்சு வந்தால் பேசு, வராவிட்டால் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்து வா. ஊரைத் தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி எனக்குக் கிடைத்ததில்லை.

அதிலும் உனக்கு வாய்த்திருப்பது வேலூர். 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் இன்றைக்கு சிஎம்சி என்ற பெயரில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்களை இழுத்து வந்துகொண்டே இருக்கிறது. காட்பாடியில் ஹௌரா வண்டி நிற்கும்போது பார், ஸ்கேன் எடுத்த பெரிய உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற தெருக்களில் கடைப் பலகைகள் வங்காளத்தில் இருக்கும், மருந்துக் கடைப் பையன் இந்தியில் விலை சொல்வான், ஆட்டோக்காரர் வங்காளத்தில் பேரம் பேசுவார், மீன் குழம்பும் சோறும் போடுகிற வங்காளி ஓட்டல்கள் வரிசையாக இருக்கும். வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் லாட்ஜிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். ஆக, வேலூரில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தால் உன் எதிரில் இருப்பவர் ஆயிரம் மைல் தாண்டி வந்தவராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அப்படி ஒருவர். பாபு ராவ் தெருப் பக்கம் ஒரு மெஸ், நல்ல கூட்டம், சப்ளையர் என்னை ஒரு அப்பாவும் சின்னப் பெண்ணும் உட்கார்ந்திருந்த மேசையில் உட்காரச் சொன்னார். இலையில் பாகற்காய் வறுவல் வைத்திருந்தார்கள். அந்த மனிதர் சாம்பார் ஊற்ற வந்தவரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வெறும் சோற்றில் பாகற்காயை வைத்துப் பிசைந்து அதைத்தான் முதலில் சாப்பிட்டார். நிதானமாக, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். அப்புறம்தான் பருப்பு. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் இந்தியும் அவர் இந்தியும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால் வெட்கமில்லாமல் பேச முடிந்தது. அவர்கள் பக்கம் கசப்பில்தான் ஆரம்பிப்பார்களாம், அப்புறம் பருப்பு, காய், மீன், கடைசியில் இனிப்புத் தக்காளிச் சட்னி, அதன் பிறகு மிட்டாய். அவருக்கு இருந்த சந்தேகம் நம்முடைய ரசத்தைப் பற்றி. சாம்பாரே தண்ணியாகத்தான் இருக்கிறது, அதற்கப்புறம் அதைவிடத் தண்ணியாக ஒன்று எதற்கு என்று கேட்டார். நான் ஒரு டம்ளரில் ரசம் வாங்கிக் குடித்துக் காட்டினேன். அவரும் வாங்கிக் குடித்தார், இரண்டாவது டம்ளரும் கேட்டார்.

பாங்குரா பக்கத்து ஆளாம், உருளைக்கிழங்கு போடுகிறவர். கிழங்கைக் குளிர்சாதனக் கிடங்கில் வைத்தால் ஒரு ரசீது தருவார்களாம், பணம் வேண்டும் என்கிறபோது மூட்டையை வெளியே எடுக்காமல் அந்த ரசீதையே விற்றுவிடலாமாம். மகளின் வைத்தியத்துக்கு அப்படித்தான் விற்றுக்கொண்டு வந்திருந்தார். அறுவடை ஆனதும் அவசரமாக விற்காமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று இலையில் விரலால் விலை எழுதிக் காட்டினார். நான் எத்தனையோ சங்கத்தின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறேன், கிடங்கு ரசீது என்பது ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் கற்று வைத்திருந்த தமிழ் என்ன தெரியுமா? உட்காருங்க, டோக்கன், அடுத்தது, நாளைக்கு. அவ்வளவுதான். அந்தப் பெண் குழந்தை சாப்பிடாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் அப்பளத்தைத் தயிர்சோற்றின் மேல் வைத்து முஷ்டியால் ஒரு குத்து விட்டேன், நொறுங்கியது. அது தன் அப்பளத்தை எடுத்து அதே மாதிரி குத்தியது. அப்புறம் இன்னொரு அப்பளம் வேண்டும் என்றது. அதைக் குத்திவிட்டு சோற்றையும் சாப்பிட்டது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலூர் மெஸ்ஸில் எதிரில் இருப்பவரிடம் என்ன வியாதி என்று கேட்காதே. எந்த ஊர் என்று கேள், எத்தனை நாளாக இங்கே என்று கேள், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேள். காலையிலிருந்து வரிசையில் நின்று அதே வியாதியைப் பத்து ஜன்னலில் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். சோற்று நேரத்திலாவது அவர்கள் உருளைக்கிழங்குக்காரராகவோ பள்ளிக்கூட வாத்தியாராகவோ இருந்துவிட்டுப் போகட்டும். சொல்லத் தோன்றினால் தானாகச் சொல்வார்கள், அப்போது சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொள்.

ஆம்பூர் வேறு மாதிரி. அங்கே பேச்சை நீ ஆரம்பிக்க வேண்டியதே இல்லை. பிரியாணிக் கடையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவராவது, "அந்தக் கத்தரிக்காயைத் தொட்டுக்கம்மா, சும்மா சாப்பிடறியே" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். எனக்கு அப்படிச் சொன்னவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர், நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போய் இருந்தது. சீரகச் சம்பா அரிசி ஏன், பச்சை மிளகாய்க்குப் பதில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைப்பது ஏன், சோற்றை முக்கால் வேக்காட்டில் வடித்துக் கறியோடு சேர்த்துத் தம் போடும்போது மூடி மேல் நெருப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர், நான் கேட்டதால் தோலுக்குப் போனார். அவர் சின்ன வயசில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துவதைப் பார்த்திருக்கிறார், பிறகு குரோம் என்கிற ரசாயனம் வந்தது, வேலை சீக்கிரம் முடிந்தது, சம்பளமும் கூடியது, பாலாற்றங்கரைக் கிணறுகளும் கெட்டன. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதே, சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிற தீர்ப்பு அது. அவர் அதை வேறு பக்கத்திலிருந்து சொன்னார். "கோர்ட்டு சொன்னது நாயம்தாம்மா. ஆனா ஷாப்பை மூடினா எங்க வூட்டு அடுப்பும் மூடிக்கும்னு ராத்திரியெல்லாம் தூங்கல." அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என் தட்டில் கத்தரிக்காய் தீர்ந்துவிட்டதைப் பார்த்து சப்ளையரைக் கூப்பிட்டார். தீர்ப்பை நான் பேப்பரில் படித்திருந்தேன். அந்த ராத்திரிகளைப் பற்றி எந்தப் பேப்பரும் எனக்குச் சொல்லவில்லை.

சரி, உன் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். "நீங்க சொல்றது ஆம்பளைங்களுக்குச் சரி சித்தி." நானும் பெண்தானே, பாப்பா. ஓட்டலுக்குள் தனியாக நுழைந்ததுமே சப்ளையர் "ஃபேமிலி ரூம் உள்ள இருக்கும்மா" என்று கையைக் காட்டுவார். மரியாதைக்குத்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அந்த அறையில் ஜன்னல் இருக்காது, ஃபேன் பாதி நேரம் ஓடாது, பரிமாறுகிறவர் உன்னை மறந்துவிடுவார். "பரவால்ல, இங்கேயே உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார். சத்தமாகச் சொல்ல வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அந்த இடத்தில் உட்கார்ந்தால் இரண்டு நன்மை: முதலாளியின் கண் உன் மேசை மேல் இருக்கும், வருகிறவர்களில் யாருக்கு எதிரே இடம் கொடுக்கலாம் என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். எதிரில் ஒரு அம்மா தனியாக இருந்தால் முதலில் அங்கே போ. குடியாத்தம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பீடி சுற்றுகிற அம்மா ஒருவர், இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு, பீடிக் கட்டை எண்ணும்போது சரியில்லை என்று கழிக்கிற பீடிக்கு எப்படிக் கூலி போய்விடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆண்களிடம் பேசும் போது எனக்கு வேண்டியிருந்த ஜாக்கிரதை எதுவும் அவரிடம் வேண்டியிருக்கவில்லை.

ஜாக்கிரதை என்றால் இதுதான். எந்த லாட்ஜ், எந்த அறை என்று யாரிடமும் சொல்லாதே. "கம்பெனி ஆளுங்க கூட வந்திருக்காங்க" என்று சொல்லிவிடு, அந்தப் பொய்யில் தப்பில்லை. பில்லை முதலிலேயே கொடுத்துவிடு, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். போன் நம்பர் கேட்டால் சிரித்துவிட்டுக் கை கழுவப் போ. இந்த ஆள் சரியில்லை என்று உள்ளே ஏதோ உறுத்தினால், அது மனசு சொல்வது, அதைக் கேள்.

இன்னொரு கேள்வி வரும், அதற்கும் தயாராக இரு. முதலில் ஊரைக் கேட்பார்கள். அப்புறம் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அப்புறம் எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம், யார் வீட்டுப் பிள்ளை. சுற்றி வளைத்து அவர்கள் எங்கே வந்து நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். நான் அந்த இரண்டாவது கேள்வியிலேயே "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். அதையும் மீறிக் கேட்கிறவரோடு எனக்குப் பேச்சு தொடர்ந்ததில்லை. ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், நீ அந்த மேசையில் யாரோடும் உட்காரலாம் என்கிற நிலைமை சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் இதே ரயில் நிலையங்களின் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்கிற எழுத்தை எடுக்கச் சொல்லி பெரியாரின் ஆட்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். டீக்கடைகளில் தனிக் குவளை வைத்திருந்த கொடுமை அதற்குப் பிறகும் எத்தனையோ கிராமங்களில் நீடித்தது. ஆகவே மெஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் தள்ளி உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும், நிஜமாகவே.

அந்தச் சண்டை முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்து, மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடம் கொடுக்காமல் விட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். ஆம்பூரில் யாரோடு உட்கார்ந்தாலும் அவர் தட்டில் என்ன கறி என்று எட்டிப் பார்த்து முகம் சுளிக்காதே. உனக்கு வேண்டாததை நீ கேட்டு வாங்காமல் இருக்கலாம், அதோடு சரி.

பகிர்ந்து சாப்பிடுவதற்கு நம் ஊரில் ஒரு முறை இருக்கிறது, அது தெரியாமல் செய்தால் அன்பாகக் கொடுத்ததும் சங்கடமாகிவிடும். எச்சில் படுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். பிரியாணி அதிகம் என்று தோன்றினால் கை வைக்கும் முன்பே ஒரு காலித் தட்டு கேட்டுக் கரண்டியால் எடுத்து வை. வடையைக் கடிக்கும் முன் பிட்டுக் கொடு. நீயாக அடுத்தவர் தட்டில் எதையும் வைக்காதே, நடுவில் வை, எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் இஷ்டம். அவர் தருவதை வேண்டாம் என்றால் "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று சொல், வேறு காரணம் எதையும் சொல்லாதே. பில் அவரவருக்கு. வயசானவர்கள் உனக்கும் சேர்த்துக் கொடுத்துவிடப் பார்ப்பார்கள், ஒரு காபிக்கு மட்டும் விட்டுக்கொடு. காபிக் காசைக் கொடுக்கவிடாமல் தடுத்தால் அவர்களுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிடும்.

ஆலங்காயம் பக்கம் வேலை இருந்தால் டீக்கடையில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார். மேலே ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-லிருந்து வேலை செய்கிறது. அந்தத் தொலைநோக்கி வருவதற்கு முன்பே, யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பதை 1977-ல் பதிவு செய்த இடங்களில் அந்தக் காவலூரும் ஒன்று. அங்கே ராத்திரி வேலை பார்த்தவர் ஒருவர் காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டே, மழைக்காலத்தில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலையில் கஷ்டமான பகுதி என்றார். அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மலையிலிருந்து சாமையும் தேனும் இறக்கிக்கொண்டு வந்தவர், அவருக்கும் மேகம்தான் கவலை. இரண்டு பேரும் வானத்தைப் பற்றிப் பேசப் பேச நான் என் பஸ்ஸை விட்டுவிட்டேன், அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் சாமையை எப்படிக் கஞ்சி வைப்பது, நிலா வெளிச்சம் ஏன் வானாய்வகக்காரர்களுக்கு ஆகாது என்று இரண்டையும் தெரிந்துகொண்டேன்.

எல்லா மதியமும் இப்படி அமையாது. எதிரில் இருப்பவர் போனில் வட்டிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் தலையே நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அவர்களை விட்டுவிடு. பேச விருப்பமில்லாத மனிதரிடம் பேச்சை இழுப்பதும் ஒரு தொல்லைதான். இலையில் இன்னும் கொஞ்சம் கூட்டு கேட்டு வாங்கிக்கொள், அந்த ஓட்டலில் எது நன்றாக இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள், நாளைக்கு எதிரில் உட்காருகிறவருக்குச் சொல்ல உதவும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார், 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லாக் கத்தரிக்காயையும் அந்தப் பேரைச் சொல்லி விற்கிறார்கள். காம்பில் முள் இருக்கிறதா என்று காய்கறிக்கார அம்மாவிடமே காட்டச் சொல், அவரே நாலு கதை சொல்வார்.

முதல் வாரம் ராணிப்பேட்டை, ஆற்காடு என்று சொன்னாய். ஆற்காட்டில் மதியம் வேலை முடிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு மக்கன் பேடா வாங்கு, உள்ளே பருப்பு வைத்திருப்பார்கள், பாகு சொட்டும், தனியாக ஒன்றுக்கு மேல் முடியாது. இரண்டாக வாங்கி மேசையில் நடுவில் வை. அப்படியே அரைக் கிலோ கட்டி வாங்கி அக்காவுக்கு எடுத்துக்கொண்டு போ, டப்பாவை நிமிர்த்தி வை, பை நாசமாகிவிடும். யாரோடு சாப்பிட்டாய் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
சித்தி